புது டயர் மாட்டியதிலிருந்து ஸ்டியரிங் நடுக்கம், ஒரு டயரில் புடைப்பு: கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது?

பிடோக்_வாசி

வணக்கம், சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். காருக்கு 205/55 ஆர்16 91வி அளவில் நான்கு புது டயர் மாட்டி இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. டயர், மாட்டுக்கூலி, வால்வு, பேலன்சிங் (சக்கர எடையைச் சமப்படுத்துவது), அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து ஒரே பில், 720 வெள்ளி. பேநவ் (வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பரிமாற்றம்) வழியாகக் கட்டியது.

பிரச்சினை இரண்டு. பிஐஇ விரைவுச்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. பழைய டயரில் இது இல்லை. கடையில் மறுபடி பேலன்ஸ் செய்தார்கள். நடுக்கம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. முன் வலது சக்கரத்தின் உள்பக்கத்தில் ஈயக் கட்டிகள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. அடுத்தது, பின் இடது டயரின் பக்கச்சுவரில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு புடைப்பு.

கடைக்காரர் சொல்வது: புடைப்பு பள்ளத்தில் விட்டதால் வந்தது, அதற்கு வாரண்டி இல்லை. நடுக்கத்துக்கு டயரை சப்ளையருக்கு அனுப்பலாம், சில வாரம் ஆகும், அதுவரை வேறு டயர் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கடைச் சுவரில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பலகை வேறு. இன்னொன்று: மூன்று டயரில் 1825 என்றும் ஒன்றில் 4022 என்றும் அச்சிட்டிருக்கிறது.

எதிலிருந்து தொடங்க வேண்டும்? முழுப் பணத்தையும் கேட்கலாமா?


டார்க்_ரெஞ்சு

புடைப்பு உள்ள டயரோடு விரைவுச்சாலை ஏறாதீர்கள். அதைப் பற்றி விவரமாக மற்றவர்கள் எழுதுவார்கள், நான் நடுக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பணம் கேட்பதற்கு முன் கோளாறு டயரிலா, மாட்டிய வேலையிலா, ரிம்மிலா, காரிலா என்பதைப் பிரித்தாக வேண்டும். நான்குக்கும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கடைக்காரரின் பொறுப்பு ஒவ்வொன்றிலும் வேறு.

ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரம். இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரம். பிரேக் அழுத்தும்போது மட்டும் வந்தால் டிஸ்க்கைப் பாருங்கள், டயர் அல்ல. சில நாள் ஓட்டாமல் நிறுத்தியிருந்த காரில் டயரின் அடிப்பகுதி தட்டையாகி முதல் சில கிலோமீட்டர் அதிரும், சூடானதும் போய்விடும். அதையும் ஒதுக்கிவிடுங்கள். அடுத்து, புடைப்பு டயரை மாற்றிய பிறகு, முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின் சக்கரங்களை முன்னுக்கும் மாற்றி அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கிலிருந்து இருக்கைக்கு இடம் மாறினால் குற்றம் சக்கரத்தோடு சேர்ந்தது. மாறாமல் ஸ்டியரிங்கிலேயே நின்றால் ஹப் (சக்கரம் மாட்டும் மையப் பகுதி), டிஸ்க், சஸ்பென்ஷன் பக்கம் தேட வேண்டும்.

சக்கரம்தான் என்று தெரிந்ததும் பேலன்ஸை நம்புவதா என்ற கேள்வி வரும். பேலன்சிங் இயந்திரம் 0 காட்டுவது எடை சமமாக இருக்கிறது என்பதற்குச் சான்று. டயர் வட்டமாக இருக்கிறது என்பதற்கோ, சுற்றிலும் ஒரே விறைப்பாக இருக்கிறது என்பதற்கோ அது சான்றாகாது. அதோடு அந்த 0-வே பொய்யாக இருக்கலாம். சரிபார்க்க எளிய வழி: 0 வந்த பிறகு சக்கரத்தை இயந்திரத்தின் தண்டிலிருந்து தளர்த்தி, 180 பாகை திருப்பி மறுபடி மாட்டிச் சுற்றச் சொல்லுங்கள். அப்போதும் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். 15, 20 கிராம் காட்டினால் சக்கரத்தைத் தண்டில் பிடிக்கும் கூம்பு சரியாக மையத்தில் உட்காரவில்லை, அவர்கள் முன்னால் செய்த எல்லா பேலன்சும் வீண். இதை நேரில் நின்று பாருங்கள். கேட்டால் எந்த நல்ல கடையும் செய்து காட்டும்.

மையம் சரியாக இருந்தும் ஒரு சக்கரத்துக்கு 100 கிராமுக்கு மேல் ஈயம் வேண்டியிருந்தால் அது சாதாரணமல்ல. ஈயம் கூட்டுவதை நிறுத்திவிட்டு டயரின் காற்றை இறக்கி, ரிம்மில் 180 பாகை திருப்பி உட்கார வைக்க வேண்டும். பல டயர்களில் மஞ்சள் புள்ளி இருக்கும். அது டயரின் எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வர வேண்டும். சிவப்புப் புள்ளியும் இருந்தால் அது டயரின் உயர்ந்த அல்லது விறைப்பான இடம். ரிம்மில் தாழ்ந்த இடத்துக்கான குறி இருந்தால் சிவப்பை அதற்கு நேராக வைப்பார்கள். குறி இல்லாத ரிம்மில் மஞ்சளை வைத்து மாட்டினால் போதும்.

ரிம் ஓரத்தில் டயரைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும். ரிம்மிலிருந்து அதன் தூரம் சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் முழுதாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, ஓரத்தில் சோப்புப் பசை தடவி மறுபடி ஏற்றினால் தீரும். இது டயரின் குறையே அல்ல. இதற்காக நான்கு டயரையும் திருப்பிக் கொடுக்கப் போய்ச் சண்டை போடுபவர்கள் உண்டு.

வட்டம் சரியா என்று பார்க்க, சக்கரம் மெதுவாகச் சுழலும்போது ட்ரெட்டுக்கு (தரையைத் தொடும் பரப்பு) மிக அருகில் ஒரு பேனாவை அசையாமல் பிடித்தால் போதும். ஏற்ற இறக்கம் 1.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஓட்டும்போது உணர்வீர்கள். பிறகு அதே சோதனையை ரிம்மிலும் செய்யச் சொல்லுங்கள். ரிம் வளைந்திருந்தால் டயர்க் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

இதையெல்லாம் விட வலுவான ஆதாரம் ரோட் ஃபோர்ஸ் பேலன்சிங். சுழலும் டயர் மீது ஒரு உருளையை 500 கிலோவுக்கு மேலான விசையோடு அழுத்தி, சாலையில் எடை தாங்கும்போது டயர் எங்கே விறைக்கிறது என்று அளக்கும் இயந்திரம். அளவு பெரும்பாலும் பவுண்டில் வரும். கார் டயருக்கு 20 முதல் 25 பவுண்டு வரை ஏற்கத்தக்கது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ரிம்மில் திருப்பி மாட்டியும் 40, 50 என்று நின்றால் அந்த டயரை எத்தனை கிராம் ஈயத்தாலும் சரிசெய்ய முடியாது. வேறொரு கடையில் பணம் கட்டி இதைச் செய்து, நான்கு சக்கரத்தின் அளவையும், கார் எண்ணையும், டயரில் உள்ள வார எண்ணையும் (தயாரித்த வாரமும் ஆண்டும் காட்டும் நான்கு இலக்கம்) முத்திரையிட்ட தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கின் முதுகெலும்பு அந்தத் தாள்தான்.

கடைசியாகச் சக்கர நட். இம்பாக்ட் கன்னால் அடித்து இறுக்கிவிட்டு அப்படியே அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. சாதாரண காருக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர், உங்கள் காருக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும். டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் கருவி), குறுக்கு வரிசையில் இறுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். ஏற்றத்தாழ்வாக இறுக்கினால் நாளடைவில் டிஸ்க் கோணி, நீங்கள் டயர் என்று நினைக்கும் அதே நடுக்கம் வரும். ஹப் முகத்தில் துருவோ பழைய ஈயப் பசையோ சிக்கியிருந்தாலும் அப்படித்தான்.


ஈசூன்_ஒர்க்‌ஷாப்

புடைப்பைப் பத்தி. பக்கச்சுவருக்குள்ள இருக்கிற நூல் இழை அறுந்தா காத்து அந்த இடத்துல ரப்பரை வெளியே தள்ளும். இதை ஒட்ட முடியாது, பேட்ச் போட முடியாது. எப்ப வேணும்னாலும் வெடிக்கும். இன்னைக்கே கழட்டிடுங்க.

ஆனா முதல்ல ஒண்ணு உறுதி பண்ணிக்குங்க. அது மேடா, பள்ளமா? ரிம் ஓரத்திலிருந்து ட்ரெட் வரைக்கும் நேர்கோடா உள்வாங்கின பள்ளம்னா அது இழைகள் ஒண்ணு மேல ஒண்ணு சேர்ற இணைப்பு. ரேடியல் டயர்ல அது சகஜம், குறையில்ல. வெளியே தள்ளின மேடு மட்டும்தான் கோளாறு.

மேடுதான்னா யார் காரணம்ங்கறது டயரைக் கழட்டி உள்ளே பார்த்தாத்தான் தெரியும். வெளியே பார்த்துட்டு பள்ளத்துல விட்டீங்கன்னு சொல்றது ஊகம். பள்ளமோ கெர்ப்போ (ரோட்டோரக் கல்லு) இடிச்சிருந்தா டயர் உள்சுவர்ல நசுங்கின தழும்பு இருக்கும். பல நேரம் ரெண்டு கோடா இருக்கும், ஏன்னா ரப்பர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல மாட்டி ரெண்டு இடத்துல கிள்ளுப்படும். அதுக்கு நேரா ரிம் விளிம்பு லேசா நசுங்கியிருக்கலாம். அலாய் ரிம்மா இருந்தா விரலை ஓட்டிப் பார்த்தாலே தெரியும். உள்ளே தழும்பும் இல்ல, ரிம்மும் சுத்தமா இருக்கு, வெளியே உரசலும் இல்லன்னா, உள்ளே இழை இணைப்பு சரியா ஒட்டாம விட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

மூணாவதா ஒண்ணு இருக்கு, எல்லாரும் மறந்துடுவாங்க. மாட்டும்போது இயந்திரத்தோட கொக்கி பட்டு டயர் ஓரம் கிழிஞ்சாலும் காத்து இழைக்குள்ள பூந்து புடைக்கும். அப்ப கிழிசல் ரிம்மில உக்கார்ற ஓரத்துல, உள்பக்கமா தெரியும். அது கடையோட தப்பு, டயர் தயாரிச்சவங்க மேல போட முடியாது. காத்துக் குறைவா ஓட்டினா வேற மாதிரி: உள்சுவர் முழுக்க வளையமா தேஞ்சு, ரப்பர் பொடி கொட்டும். பெட்ரோல் நிலையத்துல கிலோபாஸ்கல்ல அளப்பீங்க. இந்த அளவுக்கு பல கார்ல 220லிருந்து 240 வரைக்கும், கதவுத்தூண்ல ஒட்டியிருக்கிற எண்தான் சரி. சூடா இருக்கும்போது 20, 30 கூடக் காட்டும், அதை இறக்காதீங்க.

கழட்டும்போது நீங்க பக்கத்துல நில்லுங்க. புடைப்புக்கு நேரா டயர்லயும் ரிம்மிலயும் சாக்பீஸ்ல ஒரே கோடு போட்டுட்டு அப்புறம் கழட்டச் சொல்லுங்க. இல்லாட்டி உள்ளே இருக்கிற தழும்பும் ரிம் நசுங்கலும் ஒரே இடமான்னு பின்னாடி சொல்ல முடியாது. உள்சுவர், ஓரம், ரிம் விளிம்பு, டயர் எண் எல்லாத்தையும் படம் எடுங்க.


கோப்பு_எழுதுநர்

தொழில்நுட்பப் பக்கம் மேலே இருவரும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். சட்டப் பக்கம் இது.

உங்கள் ஒப்பந்தம் கடைக்காரரோடு. சப்ளையரோடு அல்ல, டயர் நிறுவனத்தோடும் அல்ல. “சப்ளையர் சொல்லட்டும்” என்பது கடைக்காரருக்கும் சப்ளையருக்கும் இடையிலான விவகாரம். பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டத்தில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டம் (குறையுள்ள பொருளுக்கான விதிகள்) விற்றவரைத்தான் பொறுப்பாக்குகிறது. பொருளைக் கொடுத்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் சுமை கடைக்காரருடையது. ‘திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையால் இந்த உரிமையைப் பறிக்க முடியாது.

ஆனால் முழுப் பணத்தை முதல் நாளே கேட்க முடியாது. முதல் படி பழுதுபார்ப்பு அல்லது மாற்று டயர். நியாயமான காலத்துக்குள், உங்களுக்குப் பெரிய சிரமமில்லாமல் அதை அவர் செய்ய வேண்டும். செய்யவில்லை அல்லது செய்ய முடியாது என்றானால்தான் விலைக் குறைப்போ பணம் திரும்பப் பெறுவதோ வரும். அப்போதும் நீங்கள் ஓட்டிய தூரத்துக்குக் கழிவு இருக்கலாம். வரிசையைத் தாண்டிப் பேசினால் கடைக்காரர் “மாற்றித் தரத் தயாராக இருந்தேன், இவர் கேட்கவில்லை” என்று சொல்ல வழி கிடைத்துவிடும். குறை இரண்டு டயரில் இருக்கும்போது நான்கின் விலையையும் கேட்பதும் உங்களைத்தான் பலவீனப்படுத்தும்.

உங்கள் பில்லில் பொருளும் வேலையும் கலந்திருப்பதைக் கவனியுங்கள். டயர் வட்டமில்லை என்றால் லெமன் சட்டம். பேலன்ஸ் மையம் தவறு, ஓரம் கிழிந்தது என்றால் அது சேவையில் குறை, சாதாரண ஒப்பந்த மீறல். சரிசெய்யக் கேட்கலாம், ஆனால் 6 மாத அனுமானம் பொருளுக்குத்தான். புடைப்பிலும் எச்சரிக்கை தேவை: குறையின் தன்மைக்கே பொருந்தாத இடத்தில் அந்த அனுமானம் நிற்காது. உள்ளே இடித்த தழும்பு தெளிவாக இருந்தால் புடைப்பை விட்டுவிட்டு நடுக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

4022 என்பது 2022-இன் 40-ஆவது வாரம், 1825 என்பது 2025-இன் 18-ஆவது வாரம். பழையது என்பதாலேயே குறையுள்ளது என்று ஆகாது. “எல்லாம் புது ஸ்டாக்” என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தாலோ விளம்பரத்தில் இருந்தாலோ அது தவறான தகவல் என்ற தனிப் புகார். அந்த உரையாடலை அழிக்காதீர்கள். புதிதாக வாங்குபவர்கள் மாட்டுவதற்கு முன்பே எண்ணைப் பார்ப்பது நல்லது. மாட்டிய பிறகு அந்த எண் உள்பக்கம் திரும்பி மறைந்துவிடலாம்.

பேசியது போதும், எழுத்தில் அனுப்புங்கள். பில் எண், தேதி, கார் எண், டயர் அளவு, ஒவ்வொரு டயரின் வார எண், என்ன கோளாறு, எந்த வேகத்தில், கடை ஏற்கனவே செய்த பேலன்சிங், மற்ற கடையின் அளவுத்தாள், நீங்கள் கேட்பது என்ன, எந்தத் தேதிக்குள். 14 நாள் கொடுத்தால் நியாயம். கோபமான ஒரு வரிகூட வேண்டாம். இதே கடிதம் பின்னால் நடுவர் கையில் இருக்கும்.

பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கம் சமரசத்துக்கு உதவும், ஆனால் கடையைக் கட்டாயப்படுத்த அதனால் முடியாது. கட்டாயப்படுத்துவது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் பதிய வேண்டும். பயனீட்டாளருக்கு 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளி. சிங்பாஸ் (அரசின் இணைய அடையாளக் கணக்கு) மூலம் இணையத்திலேயே பதியலாம், அங்கேயே எதிர்த்தரப்போடு பேரம் பேசவும் வசதி உண்டு. வழக்கறிஞர் வைக்க முடியாது, அவர்களும் வைக்க முடியாது.


பிடோக்_வாசி

மிக்க நன்றி. கடையில் இப்போது “டயரை எங்களிடம் விட்டுவிட்டுப் போங்கள், சப்ளையர் ஒப்புக்கொண்டால் பாதி விலை கழித்துப் புது டயர் தருவார்” என்கிறார்கள். விடலாமா? பாதி விலை என்பது எந்தக் கணக்கு?


கோப்பு_எழுதுநர்

விடலாம், ஆனால் வெறுங்கையோடு வராதீர்கள், ரசீது வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: டயர் பெயர், அளவு, முழு வரிசை எண், வார எண், ட்ரெட் ஆழம், எதற்காகப் பெற்றுக்கொண்டோம், “வாடிக்கையாளர் அனுமதியின்றி வெட்டவோ அழிக்கவோ கூடாது” என்ற வரி, கடை முத்திரை. இவை இல்லாமல் கொடுத்தால் உங்கள் ஒரே பொருள் ஆதாரம் குப்பைக்குப் போகலாம்.

பாதி விலை என்பது நிறுவன வாரண்டியின் பேச்சு. அதில் தேய்மானத்துக்கு ஏற்பக் கழிப்பார்கள். புதிதில் ஆழம் 7.6 மில்லிமீட்டர், இப்போது 7.0 என்று வையுங்கள். சட்ட எல்லை 1.6. அப்படியானால் பயன்படும் ஆழம் 6.0, மீதி 5.4, அதாவது 90 விழுக்காடு. 150 வெள்ளி டயருக்கு 135 வெள்ளி வர வேண்டும். இரண்டு மாத டயருக்குப் பாதி என்பது எந்தக் கணக்கிலும் வராது. ஆழத்தை நீங்களே அளந்து எழுதி வையுங்கள், அளவுகோல் சில வெள்ளிக்குக் கிடைக்கும். நிறுவன வாரண்டியும் லெமன் சட்டமும் வேறு வேறு. ஒன்றை ஏற்காததால் மற்றது போகாது. ஆனால் “முழுத் தீர்வாக ஏற்கிறேன்” என்ற தாளில் கையெழுத்திட்டால் போய்விடும்.

நீங்கள் பேநவ்வில் கட்டியதால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி இல்லை. கடன் அட்டையில் கட்டியவர்களுக்கு அந்த வழியும் இருக்கிறது, வங்கி தரும் காலக்கெடுவுக்குள் கேட்க வேண்டும்.


உட்லண்ட்ஸ்_ஓட்டுநர்

இந்த இழையைப் படிப்பவர்களுக்கு ஒன்று. மலேசியாவின் ஜோகூர் பாருவில் மலிவு என்று வாங்கினால் மேலே சொன்ன சிங்கப்பூர் வழி நடைமுறையில் கைகொடுக்காது. அங்கே 1999-இன் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயமும் இருக்கின்றன. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், ஆனால் விசாரணைக்குப் பாலம் தாண்டிப் போக வேண்டும். நடுக்கம் தெரிய வேண்டுமென்றால் ஜோகூர் பாரு நகருக்குள் ஓட்டிப் பயனில்லை. கடையை விட்டதும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு, கோளாறு இருந்தால் அன்றே திரும்பிப் போய்க் காட்டுங்கள். மாட்டிய உடனே மட்டும் கடுமையாக பிரேக் அடிக்காதீர்கள். சோப்புப் பசை காய்வதற்குள் டயர் ரிம்மில் நழுவி பேலன்ஸ் போய்விடும். வால்வுக்கு நேராக டயரில் ஒரு சாக்பீஸ் குறி போட்டு வைத்தால் நழுவியதா என்று தெரியும்.

ஒரு கேள்வி: தனியார் வாடகைக் காராக ஓட்டுபவர் இந்தச் சட்டத்தில் பயனீட்டாளர்தானா?


கோப்பு_எழுதுநர்

சட்டம் சொல்வது, முழுக்க முழுக்க வர்த்தகத்துக்கு மட்டும் என்று இல்லாமல் வாங்கும் தனிநபர். சொந்தப் பெயரில் உள்ள காரைக் குடும்பத்துக்கும் ஓட்டுகிறீர்கள் என்றால் வாதிட நல்ல இடம் இருக்கிறது. நிறுவனப் பெயரில் உள்ள வேனுக்கு நிறுவனமே வாங்கியது என்றால் இந்தச் சட்டம் இல்லை. அப்போது பொருள் விற்பனைச் சட்டத்தில் ‘திருப்தியான தரம்’ என்ற அடிப்படையில் கேட்க வேண்டும். 6 மாத அனுமானம் கிடைக்காது, குறை முன்பே இருந்ததை நீங்கள்தான் காட்ட வேண்டும். ரோட் ஃபோர்ஸ் அளவுத்தாள் அங்கே இன்னும் முக்கியம்.

எப்படி இருந்தாலும் பதியும்போது கடையின் பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். பில்லில் இருக்கும் பதிவு எண்ணை நிறுவனப் பதிவேட்டில் தேடி, அங்கே உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் போடுங்கள். ஒரே பலகையின் கீழ் இரண்டு நிறுவனங்கள் இருக்கும் கடைகள் உண்டு. தவறான பெயரில் உத்தரவு வாங்கினால் அதை நிறைவேற்ற முடியாமல் நிற்பீர்கள்.